வாயும் வயிறும்: ஆழ்கடற் சிறுமீன்களின் உணவு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலைப் பற்றிய சொற்பொழிவு என்றதும் திமிங்கிலத்தையோ சுறாவையோ பவளப்பாறையையோ எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது நெத்திலி அளவு மீன்கள். அவற்றின் ஒளியையும் விநோத உருவத்தையும் பற்றிப் படங்களோடு நிறைய வந்துவிட்டது. இன்று நான் கேட்க விரும்பும் கேள்வி சாதாரணமானது: இவை எதைத் தின்று வாழ்கின்றன? சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்கு விடை தேடிப் புறப்பட்டவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். மீனின் வாயைப் பார்த்து ஏமாந்தார்கள். வயிற்றைப் பார்த்தும் ஏமாந்தார்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் 1,000 மீட்டருக்கும் இடைப்பட்ட நீர். நம் மீனவர்களின் பாகக் கணக்கில் நூறு பாகத்துக்குச் சற்றுக் கீழே தொடங்குகிறது. 200 மீட்டரில் மேற்பரப்பின் ஒளியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். 1,000 மீட்டரில் சூரிய ஒளி என்று எதுவும் இல்லை. ஒளி இல்லாத இடத்தில் பாசி வளராது. பாசி வளராத இடத்தில் உணவு உற்பத்தி இல்லை. எனவே இங்கே வாழும் மீனுக்கு வழிகள் குறைவு. மேலிருந்து விழுவதை எதிர்பார்த்திருக்கலாம், மேலே போய்த் தின்றுவிட்டு வரலாம், அல்லது அப்படிப் போய் வருபவர்களைப் பிடித்துத் தின்னலாம். ஆழ்கடல் உணவு முறைகள் பெரும்பாலும் இந்த மூன்றின் கலவைகள்தான்.

இந்த நீரில் சிறுமீன்கள் எவ்வளவு என்பது போர்க்காலத்தில் தற்செயலாகத் தெரியவந்தது. 1942இல் கலிபோர்னியா கடற்கரைக்கு அப்பால், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க ஒலியலை அனுப்பிச் சோதனை செய்துகொண்டிருந்த இயற்பியலாளர்களுக்கு, கடலடி இருக்க முடியாத ஆழத்தில் ஒரு தளத்திலிருந்து எதிரொலி வந்தது. ஐரிங், கிறிஸ்டென்சன், ரெய்ட் என்ற மூவரின் பெயரின் முதலெழுத்துகளை வைத்து அந்தத் தளத்தை அழைத்தார்கள். 1945இல் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் மார்ட்டின் ஜான்சன், பொழுது சாயும்போது அந்தத் தளம் மேலே ஏறுகிறது, விடியும்போது இறங்குகிறது என்று காட்டினார். கடலடி ஏறி இறங்காது. உயிர்தான் ஏறி இறங்கும். இன்று இதை ஆழ் எதிரொலித் தளம் என்கிறோம். அந்த எதிரொலியில் பெரும்பங்கு, காற்றுப்பை உள்ள சிறுமீன்களிடமிருந்து வருகிறது.

அந்தக் கூட்டத்தின் முதல் பெயர் லாந்தர் மீன். மிக்டோபிட் குடும்பம், உலகெங்கும் சுமார் 250 இனங்கள். பெரும்பாலானவை 15 சென்டிமீட்டரைத் தாண்டாதவை. உடலின் அடிப்புறம் நெடுக ஒளிப்புள்ளிகள். மாலையில் இவை பல நூறு மீட்டர் மேலேறி, மேல் 100 மீட்டர் நீரில் இரவைக் கழித்துவிட்டு, விடியுமுன் திரும்புகின்றன. ஏறி வருவது உணவுக்காக. இறங்கிப் போவது உணவாகிவிடாமல் இருக்க. பகலில் மேலே இருந்தால் சூரையும் ஓங்கிலும் கடற்பறவையும் கண்ணால் பார்த்துப் பிடித்துவிடும்.

லாந்தர் மீனின் வயிற்றை நுண்ணோக்கியின் கீழ் திறந்தால் முதலில் கண்ணில் படுவது கோபிபாட். அரிசிமணியிலும் சிறிய ஓட்டுடலிகள். அவற்றுக்கு அடுத்து இரண்டு சிப்பியோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் ஆஸ்ட்ரகாட், ஆம்ஃபிபாட், கிரில் வகைக் கூனிகள், சில வேளை மீன்குஞ்சு. கோபிபாட்களுக்குள்ளும் ப்ளூரோமாமா என்ற பேரினம் திரும்பத் திரும்ப வரும். அதற்குக் காரணம் உண்டு: ப்ளூரோமாமாவும் பகலில் ஆழத்துக்குப் போய் இரவில் மேலேறும் பிராணி. இரையும் வேட்டைக்காரனும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் பயணம் செய்கிறார்கள்.

இத்தனை இனங்கள் ஒரே நீரில் ஒரே நேரத்தில் ஒரே வகை இரையைத் தின்றால் போட்டி தாங்குமா என்று கேட்கத் தோன்றும். மெக்சிகோ வளைகுடாவின் கிழக்குப் பகுதியில் ஹாப்கின்சும் கார்ட்னரும் செய்து 1992இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. இனம் இனமாக, அளவு அளவாக, ஆழம் ஆழமாக வயிறுகளைத் திறந்து எண்ணியபோது, பட்டியல்கள் மேலோட்டமாக ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே பிரிந்திருந்தன. ஒன்று சிறிய கோபிபாட்களை எடுக்கும்; இன்னொன்று கூனிகளை விரும்பும். ஒன்று மேல் 50 மீட்டரில் மேயும். மற்றொன்று அதற்குக் கீழே. ஒரே இனத்திலும் குட்டி தின்பது வேறு, வளர்ந்தது தின்பது வேறு. அதே கடலில் கோடாலி மீன்களின் வயிற்றை ஹாப்கின்சும் பெயர்டும் ஆராய்ந்து 1985இல் எழுதியதிலும் இந்த அளவுக் கணக்கு வருகிறது: சிறிதாக இருக்கையில் கோபிபாட்டும் ஆஸ்ட்ரகாட்டும், வளர வளரப் பெரிய இரை. ஹவாய்க்கு அருகே தாமஸ் கிளார்க் 1970களில் தொடங்கிச் செய்த பணியையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த ஆய்வுகள் எதிலும் பரபரப்பு இல்லை. ஆயிரக்கணக்கான இரைப்பைகளைக் கீறி, பாதி செரித்த கால்களையும் தாடைகளையும் எண்ணி எழுதிய வேலை. ஆழ்கடல் உணவைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படி எண்ணியவர்களால்தான் தெரிந்தது என்பது என் கருத்து.

எல்லா மீனும் தினமும் மேலே போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. நார்வேயின் மாஸ்ஃபியோர்டில் ஒலிக்கருவிகளைக் கடலடியில் நிறுத்திவைத்து, தனித்தனி மீன்களின் நடமாட்டத்தையே பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள லாந்தர் மீன்களில் ஒரு பகுதி, மேலே போகாமல் ஆழத்திலேயே இருந்து, குளிர்காலத்தைக் கழிக்க அங்கே வந்து படுத்திருக்கும் கொழுத்த கலனஸ் கோபிபாட்களைத் தின்கிறது. மவ்ரோலிகஸ் என்ற சிறுமீன் இன்னும் சுவாரசியமானது. அந்தி வெளிச்சம் இருக்கும் சிறுபொழுதில் மேலேறி இரை தேடும். முழுவதும் இருட்டியதும் சற்று இறங்கிவிடும். விடியலில் மறுபடி ஏறும். அது கண்ணால் வேட்டையாடும் மீன். தனக்கு இரை தெரியும் அளவுக்கு வெளிச்சம் வேண்டும், தன்னை மற்றவன் பார்க்காத அளவுக்கு இருட்டும் வேண்டும். அந்தக் குறுகிய இடைவெளி அந்தியிலும் வைகறையிலும் மட்டும் கிடைக்கிறது. நிலவு நிறைந்த இரவில் பல லாந்தர் மீன்கள் மேலே வரத் தயங்குவதும் இதே கணக்கால்தான்.

மேலே போகவே போகாத ஒரு மீன் உண்டு. அதுதான் எண்ணிக்கையில் எல்லாரையும் மிஞ்சியது. சைக்ளோதோன் என்ற பேரினம், 13 இனங்கள், 2 முதல் 7 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்புள்ள பிராணிகளில் உலகிலேயே எண்ணிக்கை மிகுந்த பேரினம் இதுதான் என்பது கடலியலாளர்களின் பொதுக் கருத்து. கோழியும் எலியும் மனிதனும் இதற்கு அடுத்தபடிதான். வெளிறிய இனங்கள் மேலடுக்கிலும் கறுத்த இனங்கள் கீழடுக்கிலும் வாழ்கின்றன. மெல்லிய தசை, இளகிய எலும்பு, மந்தமான வளர்சிதை மாற்றம். வயிற்றைத் திறந்தால் பெரும்பாலும் காலி. இருந்தால் ஒன்றிரண்டு கோபிபாட். அகன்ற வாயும் நெருக்கமான செவுள்முட்களும் இருப்பதால், அருகில் வருவது சிறிதானாலும் பெரிதானாலும் எடுத்துக்கொள்ள முடியும். மேலே ஏறிச் செலவழிக்கும் சக்தியை மிச்சப்படுத்தி, கிடைத்ததில் வாழும் முறை இது. சோம்பல் என்று நாம் சொல்லும் குணம் இந்த அளவுக்கு வெற்றி கண்ட இடம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி வாய் ஏமாற்றிய கதைக்கு வருகிறேன்.

ஆழ்கடல் மீன் என்று கேட்டால் குழந்தைகூட அகன்ற வாயையும் ஊசிப் பற்களையும் வரையும். இரை அரிதான இடத்தில் கிடைத்ததை விடக் கூடாது, அதனால் பெரிய வாய், பெரிய பல், பெரிய இரை என்பது வழக்கமான விளக்கம். இதற்கு ஆதாரமும் உண்டு. கையாஸ்மோடான் என்ற கறுப்பு விழுங்கி மீன் ஒன்று 2007இல் கிராண்ட் கேமன் தீவருகே செத்து மிதந்தது. அதன் நீளம் 19 சென்டிமீட்டர். வயிற்றுக்குள் மடிந்து கிடந்த மீனின் நீளம் 86 சென்டிமீட்டர். உள்ளே இரை அழுகிக் காற்று உண்டானதால்தான் அது மேலே மிதந்து நம் கண்ணில் பட்டது.

இந்த விளக்கத்தோடு மலகோஸ்டியஸ் நைஜர் என்ற மீனைப் பாருங்கள். கால் மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் கறுப்பு மீன். கீழ்த்தாடை நீண்டு, பல் வளைந்து, வாய்க்குத் தரையே இல்லை. தாடை எலும்புகளுக்கு நடுவில் தோல் கிடையாது. நீரின் எதிர்ப்பு இல்லாமல் தாடையை வீசிப் பெரிய இரையைக் கவ்வுவதற்கு ஏற்ற அமைப்பு என்று தோன்றும். இதோடு இன்னொரு விசேஷம். ஆழ்கடலில் பெரும்பாலான மீன்களின் கண்ணுக்கு நீலமும் நீலப்பச்சையும் மட்டுமே தெரியும். மலகோஸ்டியஸ் கண்ணுக்குக் கீழே உள்ள உறுப்பிலிருந்து சிவப்பு ஒளியை வீசுகிறது. அதைத் தானே பார்க்கவும் செய்கிறது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஒளி தெரியாது. இத்தனை ஆயுதங்களும் உள்ள மீன் எதைத் தின்னும்? மற்ற மீன்களை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ட்ரேசி சட்டன் 2005இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பல கடல்களில் பிடிபட்ட மலகோஸ்டியஸ்களின் வயிற்றைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை கோபிபாட்கள். கொஞ்சம் பெரிய வகைதான், இருந்தாலும் கோபிபாட். அந்தப் பற்களுக்கும் தாடைக்கும் சற்றும் பொருந்தாத உணவு.

இதற்கு அவர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பு ஒளி நீரில் தொலைதூரம் செல்லாது; விரைவில் அடங்கிவிடும். ஆகவே இந்த மீனால் தன் முகத்தருகே உள்ள சிறு வட்டத்தை மட்டுமே துழாவ முடியும். அந்த வட்டத்தில் அடிக்கடி அகப்படுவது கோபிபாட்தான். பெரிய மீன் எப்போதாவது கிடைத்தால் அதற்கும் தாடை தயார். ஆனால் அதுவரை சிறு இரைகளால் காலம் தள்ளுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. மலகோஸ்டியஸ் சிவப்பைப் பார்ப்பதற்கு அதன் கண்ணில் உள்ள ஒரு பொருள் உதவுகிறது. 1998இல் டக்ளசும் அவரது குழுவினரும் நேச்சர் இதழில் எழுதியபடி, அந்தப் பொருள் பச்சையத்திலிருந்து பிறந்தது. மீனால் பச்சையத்தை உண்டாக்க முடியாது. அது உணவு வழியாகத்தான் வர வேண்டும். பாசி மேய்ந்த பிராணிகளின் உடலில் அது உண்டு. கோபிபாட்களின் வயிற்றில் நிச்சயம் உண்டு. ஆக, சட்டன் சொல்வது சரியென்றால், இந்த மீன் தன் பார்வைக்குத் தேவையான பொருளை உணவோடு சேர்த்து விழுங்குகிறது. சூரியன் எட்டாத இருட்டில், சூரியனைப் பயன்படுத்தும் பச்சையம் ஒரு மீனின் கண்ணுக்கு உதவுகிறது. இதைக் கற்பனையில் எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம்.

ஒளி விஷயத்தில் லாந்தர் மீனும் உணவுக்குக் கடன்பட்டதுதான். அதன் ஒளிப்புள்ளிகளில் எரியும் கோலெண்டரசின் என்ற பொருளைப் பெரும்பாலும் இரையிலிருந்தே பெறுகிறது என்பது இன்றைய கருத்து. கோபிபாட்கள் சில அதைத் தாமே தயாரிக்கின்றன. ஒளிரும் இரையை விழுங்கினால் இன்னொரு தொல்லை: வயிற்றுக்குள் இருந்து ஒளி கசிந்து காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கோடாலி மீன் உட்படப் பல ஆழ்கடல் மீன்களின் இரைப்பைச் சுவர் மைபோலக் கறுத்திருக்கிறது.

வாயைப் பார்த்து ஏமாந்ததற்கு நேர் எதிரான உதாரணம் மேக்ரோபின்னா. 15 சென்டிமீட்டர் மீன். வாய் மிகச் சிறியது. தலை கண்ணாடிபோல் தெளிவு. உள்ளே பச்சை நிறக் குழாய்க் கண்கள் மேல்நோக்கி இருக்கும். 1939இல் இனத்துக்குப் பெயர் வைத்தாலும், வலையில் வரும்போது அந்தக் கண்ணாடித் தலை சிதைந்துவிடுவதால் அது எவருக்கும் தெரியவில்லை. கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் ராபிசனும் ரைசன்பிக்லரும் தொலைவிலிருந்து இயக்கும் கருவியால் உயிரோடு பார்த்து 2008இல் எழுதினார்கள். கண்கள் அந்தக் கூட்டுக்குள் சுழல்கின்றன. மேலே பார்த்தபடி இரையைக் கண்டு, உடலை நிமிர்த்தி, கண்ணை முன்பக்கம் திருப்பி வாயால் எடுக்கிறது. வயிற்றில் மிதவை விலங்குகளோடு கொட்டும் உயிரிகளின் துண்டுகளும் இருந்தன. சைஃபனோஃபோர் என்ற நீண்ட கொடிபோன்ற உயிரியின் உணர்கொம்புகளில் சிக்கியிருக்கும் இரையை இது திருடித் தின்கிறது, அந்தக் கண்ணாடிக் கூடு கொட்டிலிருந்து கண்ணைக் காக்கிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். கருதுகிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். திருடுவதை எவரும் பார்க்கவில்லை.

சரி, வாய் பொய் சொல்லும், வயிறு மெய் சொல்லும் என்று முடித்துவிடலாமா? முடியாது. வயிற்றையும் குறுக்கு விசாரணை செய்தாக வேண்டும்.

ஆழ்கடல் மீனை நாம் இழுவலையில் பிடிக்கிறோம். வலை மணிக்கணக்கில் நீரில் இழுபடுகிறது. அதன் மடியில் மீனும் கூனியும் கோபிபாட்டும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கடலில் அவை ஒன்றை ஒன்று சந்தித்திருக்கவே வாய்ப்பில்லை. மடியில் உயிரோடு இருக்கும் மீன் பக்கத்தில் இருப்பதைத் தின்றுவிடும். பந்தியில் மாட்டிக்கொண்டவன் இலையில் இருப்பதைப் பார்த்து அவன் வீட்டுச் சமையலைச் சொல்ல முடியுமா? லான்கிராஃப்டும் ராபிசனும் 1980இல் இதற்கான சான்றுகளைத் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். அதன் பிறகு வாயிலும் தொண்டையிலும் செரிக்காமல் கிடப்பதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது வழக்கமாயிற்று. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மேலே இழுக்கும்போது காற்றுப்பை விரிந்து, இரைப்பை வாய் வழியே வெளியே தள்ளப்பட்டு, தின்றது கொட்டிவிடும். அந்த மீன் பட்டினி கிடந்ததாக நம் ஏட்டில் பதிவாகிவிடும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் இது வெறும் நுணுக்கமாக நிற்கவில்லை. வட பசிபிக்கின் நடுச்சுழலில் பிடித்த சிறுமீன்களில் 35 விழுக்காட்டின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதே சுழலில் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டுப் பயணத்தில் கிடைத்த மீன்களை டேவிசனும் ஆஷும் ஆராய்ந்து 2011இல் சொன்ன அளவு 9.2 விழுக்காடு. இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்? மேற்பரப்பில் பிளாஸ்டிக்கைச் சேகரிக்கப் போடும் வலையின் மடியில் மீனும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கிடந்தால், மீன் அங்கேயே விழுங்கிவிட வாய்ப்பு அதிகம் என்பது ஒரு காரணம். சிறிய எண்ணை எடுத்துக்கொண்டாலும்கூட, அந்தச் சுழலில் இந்த மீன்கள் ஆண்டுக்கு 12,000 முதல் 24,000 டன் வரை பிளாஸ்டிக்கை விழுங்குகின்றன என்பது டேவிசன், ஆஷ் கணக்கு. பத்திரிகைகளுக்கு 35 பிடித்துப்போனது. எனக்கு 9.2இல்தான் நம்பிக்கை.

வயிற்றின் அடுத்த குறை, மெல்லியதை மறப்பது. கோபிபாட்டின் தாடை, ஆஸ்ட்ரகாட்டின் ஓடு, மீனின் செவிக்கல் எல்லாம் கடினமானவை; பல மணி நேரம் தாங்கும். சொறிமீன் வகைகள் சீக்கிரமே கூழாகித் தடயமில்லாமல் போகும். ஆழ்கடல் நீரில் அந்தக் கூழுடலிகள் ஏராளம். பாதிலாகஸ் குடும்ப மீன்கள் அவற்றைத் தின்பது நிச்சயம். மற்றவை எவ்வளவு தின்கின்றன என்பதை இப்போது இரைப்பைக் கூழில் உள்ள மரபணுத் துண்டுகளைப் படித்துக் கண்டுபிடிக்கிறார்கள். தசையில் உள்ள கன நைட்ரஜனை அளப்பது இன்னொரு வழி. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் அது ஆயிரத்துக்கு 3 முதல் 4 பங்கு வரை கூடும். வயிறு நேற்றைய உணவைச் சொல்லும். தசை பல மாத உணவைச் சொல்லும்.

எண்ணும் முறையிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு வயிற்றில் 40 கோபிபாட்டும் ஒரு கூனியும் இருந்தால், எண்ணிக்கைப்படி அது கோபிபாட் தின்னி. எடைப்படி கூனி தின்னி. எண்ணிக்கை, கன அளவு, எத்தனை மீன்களில் தென்பட்டது என்ற மூன்றையும் சேர்த்து ஓர் அளவுகோலை 1971இல் பிங்காசும் அவரது கூட்டாளிகளும் அமைத்தார்கள். இன்றும் மாணவர்கள் அதையே பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்துங்கள், ஆனால் மூன்று எண்களையும் தனித்தனியாகவும் அச்சிடுங்கள் என்று என்னிடம் வரும் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகும் வயிறு நம்மைத் திகைக்க வைக்கும். லாந்தர் மீன்கள் ஊன் தின்பவை என்பது பாடநூல். செரட்டோஸ்கோபிலஸ் வார்மிங்கி என்ற லாந்தர் மீன், பசிபிக் நடுச்சுழலின் வறண்ட நீரில் ரைசோசொலினியா என்ற பாசியின் பின்னிய விரிப்புகளைத் தின்றிருந்ததை ராபிசன் 1984இல் எழுதினார். இரை குறைந்த இடத்தில் ஊன் தின்னி தழை மேய்ந்திருக்கிறது.

நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். 1880களிலிருந்து ‘இன்வெஸ்டிகேட்டர்’ என்ற கப்பல் இந்தியக் கடல்களை அளந்துகொண்டிருந்தது. அதில் மருத்துவராகவும் இயற்கையியலாளராகவும் இருந்த ஆல்ஃப்ரெட் ஆல்காக், 1890இல் வங்காள விரிகுடாவில் கிடைத்த ஒரு லாந்தர் மீனுக்குப் பெயரிட்டார். இன்று அதன் பெயர் பெந்தோசீமா டெரோட்டம். அன்று புட்டியில் அடைத்த இந்தச் சிறுமீன், ஒரு நூற்றாண்டுக்குள் உலக மீன்வளத் துறையின் கனவாயிற்று. 1970களின் நடுவில் ‘டாக்டர் ஃப்ரித்யோஃப் நான்சென்’ என்ற நார்வே ஆய்வுக்கப்பல் அரபிக்கடலில் ஒலிக்கருவியோடு சுற்றி வந்த பிறகு, அங்கே இந்த ஓரின மீன் மட்டும் 10 கோடி டன் இருக்கலாம் என்றுகூட மதிப்பீடு செய்தார்கள்.

அரபிக்கடலின் ஏறத்தாழ 150 மீட்டருக்கும் 1,000 மீட்டருக்கும் இடையில் உயிர்வளி மிகக் குறைவு. பெந்தோசீமா பகலில் அந்த மூச்சுத்திணறும் நீருக்குள் இறங்கி நிற்கிறது. நிறைய உயிர்வளி தேவைப்படும் சூரையால் அங்கே துரத்தி வர முடியாது. இரவில் உயிர்வளி நிறைந்த மேல்நீருக்கு வந்து கோபிபாட்களைத் தின்கிறது. அந்தக் குறைவளி அடுக்கு மேலே விரிந்துகொண்டே வந்தால் இந்த ஏற்பாடு என்னவாகும் என்பதை மேற்கு, கிழக்கு இரண்டு கடற்கரை ஆய்வாளர்களும் கவனிக்க வேண்டும்.

மேலே தின்று கீழே கழிப்பதால் இன்னொரு விளைவு உண்டு. கோபிபாட்டில் இருந்த கரிமம் மீனின் வயிற்றில் ஏறி ஆழத்துக்குப் போகிறது; அங்கே மூச்சாகவும் கழிவாகவும் வெளியேறுகிறது. வடகிழக்குப் பசிபிக்கில் மேல்நீரிலிருந்து ஆழத்துக்குச் செல்லும் கரிமத்தில் 15 முதல் 17 விழுக்காடு இந்தச் சிறுமீன்கள் வழியாகப் போகிறது என்று டேவிசன் குழுவினர் 2013இல் கணக்கிட்டார்கள்.

மொத்தம் எவ்வளவு மீன்? 1980இல் உலக உணவு வேளாண் அமைப்புக்காகச் செய்த மதிப்பீடு சுமார் நூறு கோடி டன். 2010இல் புறப்பட்ட ஸ்பெயினின் மலாஸ்பினா பயணத்தின் ஒலித்தரவுகளை வைத்து 2014இல் வெளியான மதிப்பீடு ஆயிரம் கோடி டன்னுக்கு மேல். ஒரே தாவலில் பத்து மடங்கு. மீன்கள் வலையைக் கண்டு ஒதுங்கிவிடுவதால் முன்பு குறைத்து மதிப்பிட்டோம் என்பது வாதம். எதிர்வாதமும் இருக்கிறது: காற்றுப்பை உள்ள சைஃபனோஃபோர்களும் அதே எதிரொலியைத் தரும். 2019இல் வந்த கணக்கு 180 கோடியிலிருந்து 1,600 கோடி டன் வரை என்றது. இவ்வளவு அகலமான இடைவெளி உள்ள எண்ணை வைத்துக்கொண்டு எவரும் கடையில் கணக்கு முடிக்க மாட்டார்கள். ஆனால் உலகின் ஆண்டுக் கடல்மீன் பிடிப்பு சுமார் 8 கோடி டன்தான் என்பதால், ஆயிரம் கோடி என்று கேட்டதும் மீன்மாவு ஆலைகளுக்கு நாக்கில் நீர் ஊறுகிறது.

பிடித்துப் பார்க்காமலும் இல்லை. தென்னாப்பிரிக்கா 1973இல் 42,000 டன்னுக்கு மேல் லாந்தர் மீன் பிடித்தது. எண்ணெய் மிகுந்து ஆலை இயந்திரங்கள் அடைத்துக்கொண்டன. சோவியத் கப்பல்கள் தென்பெருங்கடலில் பிடித்தன. 1990களின் தொடக்கத்தில் அது நின்றது. ஐஸ்லாந்து 2009இல் மவ்ரோலிகஸை நாற்பதாயிரம் டன்னுக்கு மேல் பிடித்தது, அது நீடிக்கவில்லை. இந்தத் தோல்விகள் எல்லாம் விலையும் எண்ணெயும் சார்ந்தவை. நாளைக்கு மீன்பண்ணைத் தீவனத்தின் விலை ஏறினால் கணக்கு மாறிவிடும். அமெரிக்கா 2016இல் தன் மேற்குக் கடற்கரையில், இம்மீன்கள் உட்படப் பல தீவன மீன்களைக் குறிவைக்கும் புதிய பிடிப்பைத் தடுத்துவிட்டது. அறிவியல் சான்று முதலில், அனுமதி பிறகு என்ற ஒழுங்கு அது. சரியான ஒழுங்கு என்று நான் கருதுகிறேன். அரச பென்குயின் முதல் சூரை, கணவாய், ஓங்கில் வரை லாந்தர் மீனை நம்பி இருப்பவர்களின் பட்டியல் நீளமானது. ஒரு மீன் எதைத் தின்கிறது, எது அதைத் தின்கிறது என்று தெரியாத நிலையில் அதற்குப் பிடிப்பளவு நிர்ணயிக்கக் கூடாது.

இதில் நமக்கு ஒரு கடமை இருக்கிறது. கேரளத்தின் கொல்லத்திலும் நம் தூத்துக்குடியிலும் ஆழ்கடல் இறாலுக்குப் போகும் விசைப்படகுகளின் மடியில் லாந்தர் மீன்கள் வருகின்றன. இறாலைப் பிரித்த பிறகு அவை சங்காயமாகக் கடலில் கொட்டப்படும், அல்லது கோழித் தீவனத்துக்குப் போகும். ஆய்வுக்கப்பல் ஒருநாள் கடலில் நிற்க ஆகும் செலவு உங்களுக்குத் தெரியும். அதே மீன் துறைமுகத்துக்குத் தானாக வந்து சேர்கிறது. கொச்சி நிறுவனங்களில் சிலர் இதைப் பயன்படுத்தி ஆய்வு செய்திருக்கிறார்கள். நம் கடற்கரைக் கல்லூரிகளில் இது இன்னும் பரவ வேண்டும்.

மாணவர்களே, சங்காயம் கொட்டும் இடத்துக்குப் போங்கள். படகோட்டியிடம் எத்தனை பாகத்தில் வலை விட்டீர்கள், எத்தனை மணிக்கு இறக்கி எத்தனை மணிக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது தெரியாத வயிறு பாதி பயனற்றது. பகல் வலையும் இரவு வலையும் தனித்தனிப் புட்டியில் இருக்கட்டும். ஃபார்மலினில் இடும் முன் சில மீன்களை மரபணுச் சோதனைக்காகச் சாராயத்தில் எடுத்து வையுங்கள். வாயிலும் தொண்டையிலும் கிடப்பதை வயிற்றோடு சேர்க்காதீர்கள். காலியான வயிற்றையும் எண்ணுங்கள், அதுவும் தரவுதான். துறைத் தலைவர்களே, இந்த வேலைக்குப் பெரிய நிதி வேண்டாம். ஒரு நல்ல நுண்ணோக்கியும், இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுமையாக உட்காரும் மாணவரும் இருந்தால் போதும். அந்த மாணவருக்கு உதவித்தொகை மட்டும் தவறாமல் கிடைக்கச் செய்யுங்கள்.